துன்பியல் நாயகன்

தன் செயலாலேயே தன் வீழ்ச்சியைத் தேடிக்கொள்ளும் நாடகத் தலைமைப் பாத்திரம் துன்பியல் நாயகன் எனப்படும். இதற்கு இலக்கணம் வகுத்தவர்களுள் முதன்மையானவர் கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322). அவரது ‘கவிதையியல்’ நூலின்படி, உத்தமன் வீழ்ந்தால் பார்ப்பவர் மனம் ஒப்பாது. கொடியவன் வீழ்ந்தால் இரக்கம் பிறக்காது. இடைப்பட்டவனாய், புகழ்பெற்ற குடியினனாய், பெரும்பிழை ஒன்றால் சரிபவனே இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்புவான்.

அவர் பலமுறை சுட்டும் சான்று சோபோக்கிளிசின் ‘ஈடிபஸ் மன்னன்’. தந்தையெனக் கருதிவந்த பாலிபஸ் இறந்த செய்தியைக் கொரிந்திலிருந்து வந்த தூதன் ஈடிபஸிடம் சொல்கிறான். தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற தெய்வவாக்கில் தாயை மணக்க நேருமோ என்ற பயம் மட்டும் மன்னனை விடவில்லை. அதைப் போக்க நினைத்த தூதன், அவன் பாலிபஸும் அவன் மனைவியும் பெற்ற பிள்ளையே அல்லன் என்றும், குழந்தையாக அவனைக் கொண்டுவந்து கொடுத்தது தானே என்றும் சொல்லிவிடுகிறான். ஈடிபஸின் மனைவியும் உண்மையில் அவனைப் பெற்றவளுமான யொகாஸ்டாவுக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிடுகிறது. மேலே விசாரிக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். ஈடிபஸ் கேட்பதாயில்லை. நிலை தலைகீழாவதும் உண்மை தெரியவருவதும் இப்படிச் சேர்ந்தே நிகழ்வதைத்தான் அரிஸ்டாட்டில் மிகச் சிறந்ததாகக் கொண்டார்.

அவர் சொன்ன பிழையை அகந்தை, ஒழுக்கக்கேடு என்று விளக்குவது பின்னாளில் வழக்கமாயிற்று. ஈடிபஸுக்கு அது பொருந்தாது; தான் யாரென்று அறியாமல் செய்தவையே அவனைக் கவிழ்த்தன. ஷேக்ஸ்பியரின் மக்பெத் தெரிந்தே கொலை செய்கிறான். இருந்தும் நம் இரக்கம் அவனை விட்டு முழுதும் நீங்குவதில்லை. அரிஸ்டாட்டிலின் அளவுகோலுக்குள் அவனை அடைப்பது கடினம். ஜெர்மானிய மெய்யியலாளர் ஹெகல் தனிமனிதப் பிழையைவிட, நியாயமுள்ள இரு தரப்புகள் மோதுவதையே துன்பியலின் உயிராகக் கண்டார். அதற்கு அவர் காட்டியது சோபோக்கிளிசின் ‘அன்டிகனி’.

நாயகன் அரச குடியினனாக இருக்கவேண்டும் என்ற விதி 18ஆம் நூற்றாண்டில் தளர்ந்தது. ஜார்ஜ் லில்லோவின் ‘லண்டன் வணிகன்’ (1731) ஒரு கடைப் பயிலாளனின் வீழ்ச்சியைக் காட்டியது. 1837இல் இறந்த கியோர்க் பூஷ்னர் முடிக்காமல் விட்டுச்சென்ற ‘வொய்செக்’ அடிமட்டப் படைவீரன் ஒருவனை நடுவில் நிறுத்தியது.

ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் மேடையேறியது. அதே மாதம், சாமானியனும் துன்பியலுக்கு உரியவனே என்று வாதிட்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். நாயகன் வில்லி லோமன் 63 வயது விற்பனையாளன். இனி ஊர் ஊராய் அலைய முடியாது, உள்ளூரிலேயே வேலை கொடுங்கள் என்று கேட்கப் போகிறான். இளம் முதலாளியோ புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் பிள்ளைகளின் குரலைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறான். அந்த அறையிலேயே வில்லியின் வேலை போய்விடுகிறது. ஆணையிடத் தெய்வமில்லை, இழக்க அரியணையில்லை. எனினும் ஒரு வாழ்வு சரிவதை அவையோர் கண்ணெதிரே காண்கிறார்கள்.

மில்லர் செய்த பெரிய மாற்றமாக நாயகனின் தகுதிநிலையையே பலரும் பேசுகிறார்கள். அதைவிட ஆழமானது, உண்மை யாருக்குத் தெரியவருகிறது என்பதில் அவர் செய்த மாற்றம். ஈடிபஸ் எல்லாம் தெரிந்துகொண்டு தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். மகன் பிஃப் தன்மீது அன்பு வைத்திருக்கிறான் என்று வில்லிக்குக் கடைசி இரவில் தெரிகிறது. ஆனால் தான் துரத்திய கனவே தவறு என்பது தெரியவில்லை. 20,000 டாலர் காப்பீட்டுத் தொகை மகனைப் பெரிய ஆளாக்கும் என்று நம்பி, காரோடு சாகிறான். அந்தக் கனவின் பொய்மையைத் தெரிந்துகொண்டவன் பிஃப். கல்லறையருகே அதைச் சொல்பவனும் அவனே.

‘துன்பியலின் மரணம்’ (1961) நூலில் ஜார்ஜ் ஸ்டைனர், பகுத்தறிவும் முன்னேற்ற நம்பிக்கையும் வளர்ந்த காலத்தில் உண்மையான துன்பியல் தழைக்க இடமில்லை என்றார். நியாயமான சட்டமோ நல்ல மருத்துவமோ தீர்த்துவிடக்கூடிய துயரம் அவர் கணக்கில் துன்பியலில் சேராது. வில்லிக்கு ஓய்வூதியம் கிடைத்திருந்தால் போதுமே என்று கேட்பவர்களுக்கு இது வலுவான துணை. ஆனால் ஓய்வூதியம் அவன் கடன்களைத்தான் தீர்த்திருக்கும். அண்டைவீட்டு நண்பன் சார்லி சம்பளத்துக்கு வேலை தரும்போதுகூட வில்லி அதை ஏற்க மறுக்கிறான்.