வழுக்கையாறு முடியும் இடத்தில் நாங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கோ.

ஆறுகள் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் கேட்பார்கள்: "எங்கட ஊரில ஆறு இல்லையே, சேர்?" ஊரில் இல்லைத்தான். ஆனால் குடாநாட்டில் ஆறு என்று பெயர் சொல்ல வழுக்கையாறு இருக்கிறது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வந்து அராலியில் கடலேரியோடு சேரும். மாரியில் மட்டும் ஓடும். அந்தக் கடலேரியின் இந்தக் கரையில் இருப்பது நாங்கள். மேலே வயலில் போட்ட உரமும் வாய்க்காலில் விட்ட கழிவும் வந்து சேரும் தண்ணீரில்தான் எங்கட ஆக்கள் இறாலும் நண்டும் பிடிக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆறும் உண்டு. அது நிலத்தடி நீர். மழைநீர் மணலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் இறங்கி, உவர்நீருக்கு மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறிவரும்.

இந்த நீரின் அருமை பழையது. 1977இல் ஜோன் காஸ்வெல் என்ற ஆய்வாளர் அல்லைப்பிட்டியில் சீன மட்பாண்டங்களை ஆராய்ந்தார். அவை சொங் அரசர் காலத்தவை. 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் நயினாதீவில் வைத்த தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புச் சொல்கிறது. கடலோடி வந்தவனுக்கு முதலில் தேவைப்படுவது குடிதண்ணீர் அல்லவா?

எங்கட பெரியவர்கள் துலாவால் இறைத்தார்கள். குளித்த தண்ணீர் கிணற்றடி வாழைக்குப் போனது. பிறகு நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது, இரசாயன உரம் வந்தது, வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழி வந்தது. 1980களிலேயே குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டின. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்ல முடியாமல் போகும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எங்கள் முஸ்லிம் குடும்பங்களும், போரில் சிதறிய தீவுப்பகுதிக் குடும்பங்களும் திரும்பி வந்தபோது முதலில் எட்டிப் பார்த்தது கிணற்றைத்தான். தண்ணீர் கெட்டால் மண் இருந்தும் ஊர் இல்லை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. காசு வரலாம், கிணறு உடனே திரும்பாது.

எங்களால் என்ன செய்யலாம்? அடி திறந்த குழி வேண்டாம். கல்லில் வெடிப்பு இருந்தால் 50 அடி தள்ளி வெட்டினாலும் கழிவு கிணற்றுக்கு வரும். அடியும் சுவரும் பூசிய இரண்டு அறைத் தொட்டி கட்டலாம். முதல் அறையில் கசடு அடியில் தங்கும், காற்றில்லாமல் வாழும் கிருமிகள் அதைச் சிதைக்கும். இரண்டாவது அறையில் நீர் இன்னும் தெளியும். அந்த நீரை நேரே மண்ணில் விடாமல், அடி பூசிய சரளைக்கல் பாத்தியில் நாணலோ கல்வாழையோ நட்டு அதற்குள் விட வேண்டும். வேர்கள் நைத்திரேற்றில் ஒரு பங்கை எடுக்கும். முழுவதையும் எடுக்காது, ஆகவே கிணற்றுக்குத் தூரமும் வேண்டும். ஜேர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி 1950களில் தொடங்கி ஆராய்ந்த வழி இது. எங்கட கிணற்றடி வாழைக்கு அது தூரத்து உறவுதான்.

பள்ளிவாசலில் வுழூ செய்த நீர், கோயில், தேவாலயக் கிணற்றடி நீர் எல்லாவற்றையும் தென்னைக்குத் திருப்பலாம். தொட்டி நிறைந்து பௌசர் வந்தால், கழிவை எங்கே கொட்டப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கோ.

அராலிப் பக்கத்தாரிடம் "எங்கட கடலைப் பாருங்கோ" என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன், பக்கத்து வளவுக் கிணற்றுக்கு நாங்கள் என்ன அனுப்புகிறோம் என்று பார்ப்போம்.