உயிர்விசையிலிருந்து இயக்க ஆற்றலுக்கு: ஓர் அளவையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இயங்கும் பொருளின் ‘வலிமை’யை எவ்வாறு அளப்பது என்னும் வினா 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிவுலகை இரு அணிகளாகப் பிரித்தது. நிறையை வேகத்தால் பெருக்க வேண்டும் என்றது ஓர் அணி. வேகத்தின் இருபடியால் பெருக்க வேண்டும் என்றது மற்றோர் அணி. இவ்விவாதம் வெறும் சொற்போர் அன்று என்பதையும், இன்றைய வாய்பாட்டிலுள்ள ‘அரை’ என்னும் காரணி எவ்வாறு நிலைபெற்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முதன்மைச் சொற்கள்: உயிர்விசை, உந்தம், இயக்க ஆற்றல், வேலை, லைப்னிட்ஸ், எமிலி து ஷாட்லே, கொரியோலிஸ்.

முன்னுரை

நிறையையும் வேகத்தின் இருபடியையும் பெருக்கி வரும் தொகையில் பாதியே இயக்க ஆற்றல் என்பது பள்ளி மாணவரும் அறிந்த வாய்பாடு. 2 கிலோகிராம் நிறையுடைய பொருள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இயங்கினால் அதன் இயக்க ஆற்றல் 9 ஜூல். வேகம் 6 மீட்டரானால் 36 ஜூல். வேகம் இருமடங்காக, ஆற்றல் நான்மடங்காகிறது. இவ்வெளிய கணக்கு நிலைபெற ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

டெக்கார்ட்டும் லைப்னிட்ஸும்

1644இல் வெளிவந்த ‘மெய்யியலின் கோட்பாடுகள்’ என்னும் நூலில், உலகிலுள்ள இயக்கத்தின் மொத்த அளவு மாறாதது என டெக்கார்ட் நிறுவ முயன்றார். பொருளின் பருமையையும் வேகத்தையும் பெருக்கி வருவதே அவர் கொண்ட அளவு. அதில் திசை கணக்கில் கொள்ளப்படவில்லை. இதனால் அவர் வகுத்த மோதல் விதிகளுட் பல நடைமுறைக்கு ஒவ்வாதனவாயின. ஹைகன்ஸ், மீட்சி மோதல்களில் நிறை, வேக இருபடி ஆகியவற்றின் பெருக்கற்பலன்களது கூட்டுத்தொகை மாறாதிருப்பதைக் கண்டு 1669இல் வெளியிட்டார். எனினும் அதனை அவர் இயற்கையின் பொது விதியாக உயர்த்தவில்லை.

அப்பணியை மேற்கொண்டவர் லைப்னிட்ஸ். 1686இல் ‘ஆக்டா எருடிடோரம்’ இதழில் டெக்கார்ட்டின் பிழையைச் சுட்டி அவர் எழுதிய சிறு கட்டுரையே விவாதத்தின் தொடக்கம். 1 இறாத்தல் எடையை 4 முழம் உயர்த்தவும், 4 இறாத்தல் எடையை 1 முழம் உயர்த்தவும் வேண்டிய வலிமை ஒன்றே என்பதை எதிரணியினரும் ஏற்பர். கலிலியோவின் விதிப்படி, 4 முழம் விழும் பொருள் பெறும் வேகம் 2 எனின், 1 முழம் விழும் பொருள் பெறும் வேகம் 1. டெக்கார்ட்டின் அளவுப்படி முதற்பொருளுக்கு 2, இரண்டாவதற்கு 4 எனச் சமமின்மை தோன்றுகிறது. வேகத்தை இருபடியாக்கினால் இரண்டிற்கும் 4 என்றே வருகிறது.

இத்தருக்கத்தின் உள்ளே ஆழ்ந்த அக்கறை ஒன்று உண்டு. டெக்கார்ட்டின் அளவே காக்கப்படுவதாயின், இரண்டாம் பொருளின் இயக்கம் முழுவதும் முதற்பொருளுக்கு மாறும்போது அது 4 அலகு வேகம் பெற்று 16 முழம் எழும். முயற்சியின்றி உயரம் கூடும். அத்தகைய முடிவிலா இயக்கம் இயலாது என்பதே லைப்னிட்ஸின் அடித்தளம். 1695இல் அவர் இயங்கும் பொருளின் வலிமையை ‘விஸ் விவா’ (உயிர்விசை) என்றும், அழுத்தம் போன்ற நிலைகளில் உள்ளதை ‘இறந்த விசை’ என்றும் வேறுபடுத்தினார்.

களிமண்ணில் பதிந்த சான்று

விவாதத்தைச் சோதனைக்குக் கொண்டுவந்தவர்களுள் இத்தாலியரான போலெனியும், லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிராவெசாண்டும் குறிப்பிடத்தக்கவர்கள். ஒரே அளவும் வெவ்வேறு எடையும் கொண்ட பந்துகளைப் போலெனி கொழுப்பிலும், கிராவெசாண்டு மென்களிமண்ணிலும் விழச் செய்தனர். எடைக்கு எதிர்விகிதத்தில் உயரம் அமைந்தபோது குழிகள் ஒத்திருந்தன. நியூட்டனின் கொள்கையைப் போற்றிய கிராவெசாண்டு, 1722இல் தம் சோதனை காட்டிய முடிவை ஏற்று எதிரணியின் அளவைக்கு மாறினார்.

எமிலி து ஷாட்லே தம் ‘இயற்பியலின் அடிப்படைகள்’ (1740) நூலில் உயிர்விசையை வலியுறுத்தி, பாரிஸ் கழகத்தின் மெய்ரானை மறுத்தெழுதினார். மெய்ரானின் பதிலுக்கு 1741இல் மறுமொழியும் வெளியிட்டார். களிமண் சோதனையை அவரே செய்ததாகப் பொதுநூல்கள் சில கூறுவது பொருந்தாது. பிறர் சோதனைகளைத் தருக்கத்தோடும் மெய்யியலோடும் இணைத்து விவாதத்தை வலுப்படுத்தியதே அவர் சிறப்பு.

எதிரணியினரின் மறுப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று. குழி பதியக் காலம் தேவை. அக்காலத்தைக் கணக்கில் கொண்டால் வேகத்தின் முதற்படியே அளவாகும் என்றனர். மேலும், எதிரெதிரே சமவேகத்தில் வரும் சம நிறையுள்ள இரு மென்பொருள்கள் மோதி நின்றால் உயிர்விசை எங்கே போயிற்று என வினவினர். அது பொருளின் நுண்துகள்களுக்குள் பரவுகிறது, அழிவதில்லை என்பது லைப்னிட்ஸின் விடை. அதனை அளந்து காட்டும் வழி அவரிடம் இல்லை.

இரு அளவைகளும் ‘அரை’யும்

1743இல் தலம்பேர், இது சொல் பற்றிய விவாதமே என்றார். ஒரு விசை எவ்வளவு நேரம் செயற்பட்டது என நோக்கினால் உந்தமும், எவ்வளவு தொலைவு செயற்பட்டது என நோக்கினால் இருபடி அளவும் கிடைக்கும். இத்தெளிவு பெரிது; ஆயினும் மோதலில் ‘மறைந்தது’ எங்கே என்னும் வினாவை இது தீர்க்கவில்லை. ஆகவே விவாதம் முழுவதையும் சொற்போராகச் சுருக்குவது ஏற்புடையதன்று.

‘அரை’ பொறியியலிலிருந்து வந்தது. பொறிகளின் பயனை அளக்க முனைந்த கொரியோலிஸ், 1829இல் வெளியிட்ட நூலில் விசை, தொலைவு ஆகியவற்றின் பெருக்கலுக்கு ‘வேலை’ என்னும் பெயரை வழங்கினார். ஓய்விலிருந்து மாறா முடுக்கத்துடன் புறப்படும் பொருள் கடக்கும் தொலைவு, வேக இருபடியை முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்து வருவது. விசையோ நிறை, முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கல். இரண்டையும் பெருக்க, முடுக்கம் நீங்கி ½ × நிறை × வேகம்² எஞ்சுகிறது. செய்த வேலையும் பெற்ற உயிர்விசையும் எண்ணளவில் சமமாக வேண்டியே அவர் பாதியைக் கொண்டார். லைப்னிட்ஸுக்கு விகிதமே போதியதாக இருந்தது. வேலையை அலகிட்டு அளந்தோருக்குக் காரணியும் இன்றியமையாததாயிற்று.

1807இல் தாமஸ் யங் ‘எனர்ஜி’ என்னும் சொல்லை இவ்வளவைக்குப் பயன்படுத்தினார். 1840களில் ஜூல், வேலைக்கும் வெப்பத்திற்குமுள்ள மாறா விகிதத்தை அளந்தார். 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அழிவின்மை விதியைப் பொதுமைப்படுத்தினார். மென்பொருள் மோதலில் மறைந்தது வெப்பமாயிற்று என்பது அதன்பின் அளந்து காட்டத்தக்க உண்மையாயிற்று. ‘இயக்க ஆற்றல்’ என்பதற்குரிய ஆங்கிலத் தொடர் 1860களில் தாம்சன், டெய்ட் ஆகியோர் எழுத்துகளால் வழக்கூன்றியது.

முடிவுரை

இரு அணிகளும் தாம் காத்த அளவில் சரியே. அதுவே இயங்கும் பொருளின் ஒரே அளவு என்றதில் தவறின. உந்தம் திசையுடையது, எல்லா மோதலிலும் மொத்தமாகக் காக்கப்படுவது. இயக்க ஆற்றல் திசையற்றது. மீட்சி மோதலில் மட்டும் அவ்வடிவிலேயே நிலைப்பது, பிறவற்றில் உருமாறுவது. வாய்பாட்டின் இருபடி வீழ்ச்சி பற்றிய சிந்தனையிலிருந்தும், பாதி வேலை பற்றிய கணக்கிலிருந்தும் பிறந்தன. வாய்பாட்டை மட்டும் கற்பிக்கும் வகுப்பறையில் மறைவது இந்த இரண்டாம் பிறப்பே. மாணவர் எழுப்பும் ‘ஏன் பாதி?’ என்னும் வினாவிற்கு விடை வரலாற்றிலேயே உள்ளது.