வெயில் ஊரில் காவலுக்கு எந்த நாய் வாங்கலாம்? கோம்பையா, ராஜபாளையமா, டாபர்மேனா?

கோடை வந்தாலே வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி பக்கம் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலிலும் கேட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்க வேண்டியது காவல் நாய்தான். ஆனால் நாய் வாங்கப் போகிறவர்களில் பலர் பார்ப்பது அது எவ்வளவு பெருசு, எவ்வளவு மிரட்டலா இருக்கு என்பதை மட்டும்தான். அந்த உடம்பு நம்ம ஊர் வெயிலைத் தாங்குமா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. சில வீடுகளில் நாய் மயங்கி விழுந்த பிறகுதான் வருகிறது.

நாய்க்கு வியர்க்காதா?

மனிதர்களைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், அது உடல் சூட்டைக் குறைக்கப் போதாது. நாக்கைத் தொங்கப் போட்டு வேகமாக மூச்சு இரைப்பதுதான் அதன் வழி. நாக்கிலும் வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடு வெளியேறுகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். அது 41 டிகிரியைத் தாண்டினால் உறுப்புகள் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம்.

இதில் கடலோர ஊர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ வெப்பமானி வேலூரைவிடக் குறைவாகக் காட்டலாம். ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் நாய் எவ்வளவு மூச்சு இரைத்தாலும் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. ராத்திரியிலும் புழுக்கம் விடாது, காவல் நாய்க்கு வேலை நேரமே ராத்திரிதான்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது மூக்கும் முடியும்தான். மூக்கு நீளமாக இருந்தால் சூட்டை வெளியேற்றுவது எளிது. பக், பிரெஞ்ச் புல்டாக் போல மூக்கு சப்பையான நாய்களுக்கு நிழலில் நடந்தாலே மூச்சு வாங்கும். அடுத்தது, இரட்டை அடுக்கு முடி. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், திபெத்தியன் மாஸ்டிஃப் எல்லாம் பனிக்காகவே உருவான உடம்பு. ஏசி அறையில் வைத்து வளர்க்கலாமே என்று கேட்கலாம். கதவைச் சாத்திய ஏசி அறைக்குள் தூங்குகிற நாய் வாசலை எப்படிக் காக்கும்? தமிழக அரசின் 2024 நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும் இப்படி நம்ம தட்பவெப்பத்துக்குப் பொருந்தாத சில வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன ஐந்தும் அதில் இருக்கின்றன.

நாட்டு இனம் என்றால் எல்லாமே காவலுக்கா?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என நான்கையும் ஒரே மாதிரி 'நாட்டு நாய்' என்று சொல்லி விற்கிறார்கள். நான்குமே ஒட்டிய முடி, நீண்ட மூக்கு கொண்டவை, வெயில் தாங்குபவை. ஆனால் வேலை வேறு.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்ட வளர்க்கப்பட்ட ஓட்ட நாய்கள். ஒல்லி உடம்பு, குறுகிய இடுப்பு, ஓடுகிற எதையும் கண்டால் துரத்தும் கண். வீட்டு ஆட்களிடம் விசுவாசம் அதிகம், அந்நியர் வந்தால் குரல் கொடுக்கும். ஆனாலும் தினமும் நன்றாக ஓட விடாமல் 2 சென்ட் வீட்டில் கட்டிப் போட்டால் சுவர் ஏறிக் குதித்துவிடும், இல்லையென்றால் நாள் முழுக்கக் குரைக்கும். தோட்டம், தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஏற்ற நாய் இது.

காவல்தான் நோக்கம் என்றால் தேனி மாவட்டத்தின் கோம்பைதான் முதலில் சொல்லத்தக்கது. பழுப்பு நிறம், கறுத்த முகம், இறுகிய உடம்பு. அளவில் ரொம்பப் பெரிசு இல்லை என்பதால் தீனிச் செலவும் கட்டுக்குள் இருக்கும், சூட்டையும் எளிதாகச் சமாளிக்கும். ஆனால் பிடிவாதம் அதிகம். முதல்முறை நாய் வளர்ப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கணும்.

ராஜபாளையத்துக்கு அறிமுகம் தேவையில்லை. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் இதுவும் ஒன்று. உயரமான வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. ஒரே எஜமானிடம் ஒட்டிக்கொள்ளும், வெளி ஆட்களைத் தொடக்கூட விடாது. வாங்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். இந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்கு வருவதுண்டு. குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள், காது விடைக்கணும், தலை திரும்பணும். காது கேட்காத நாய் காவலுக்கு வந்து என்ன பயன்? இன்னொன்று, தோல் வெளிறியது என்பதால் உச்சி வெயிலில் மூக்கும் காது நுனியும் வெந்துபோகும். வெயில் தாங்கும் இனம் என்பதற்காக மொட்டை மாடியில் கட்டலாம் என்று அர்த்தமில்லை.

தெருவில் பிறந்த நாட்டு நாய்க் குட்டியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பல தலைமுறையாக இதே வெயிலில் பிழைத்த உடம்பு. விலை கிடையாது. யாராவது வந்தால் குரைத்து எழுப்புவதுதான் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவை, அதை இது கச்சிதமாகச் செய்யும்.

வெளிநாட்டு இனம்தான் வேண்டும் என்றால்?

டாபர்மேன் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஒட்டிய முடி, நீண்ட மூக்கு, மெலிந்த உடம்பு. ஆனால் இதய நோய் அதிகம் வரும் இனம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரட்டை முடி, மதிய நேரத்தில் நிழலும் காற்றும் கட்டாயம். ராட்வீலர் கனத்த உடம்பு, கறுப்பு நிறம், சூடு சீக்கிரம் ஏறும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கில் பூங்காவில் இருந்த 5 வயதுச் சிறுமியை ராட்வீலர்கள் கடித்துக் குதறிய பிறகு, இந்த இனத்தை வைத்திருப்பவர்கள் மீது அக்கம்பக்கத்தின் பார்வையும் மாறிவிட்டது. லாப்ரடார் அருமையான நாய்தான், திருடனையும் வாலாட்டி வரவேற்கும் என்பதுதான் பிரச்சினை.

எந்த இனமானாலும் 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரையிலான வயதில் குட்டி பார்க்கிற மனிதர்கள், குழந்தைகள், சத்தங்கள்தான் அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன. 'நல்லா கடிக்கணும்' என்று அந்த வயதிலேயே இருட்டில் கட்டிப்போட்டு வளர்த்தால் பால்காரரையும் கடிக்கும், பேரப்பிள்ளையையும் கடிக்கும். விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள், முடிந்தால் தாய் நாயை நேரில் பாருங்கள். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம், அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழும் வேண்டும்.

தகரக் கூரை போட்ட கூண்டு வேண்டவே வேண்டாம், மதியம் அது அடுப்பு. ஓலையோ மர நிழலோ போதும், இரண்டு இடத்தில் தண்ணீர் இருக்கட்டும். ஹஸ்கி போன்ற இரட்டை முடி நாய்க்கு மொட்டை அடித்தால் குளிர்ச்சி என்று நினைப்பதும் தவறு. அந்த முடிதான் நேரடி வெயிலையும் தடுக்கிறது. நடைப்பயிற்சி காலை 7 மணிக்கு முன்பு, இல்லை பொழுது சாய்ந்த பிறகு. புறங்கையைத் தரையில் 7 விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

நாய் விடாமல் மூச்சு இரைக்குது, கெட்டியா எச்சில் ஒழுகுது, ஈறு நல்லா சிவந்திருக்கு, தள்ளாடுது என்றால் வெப்பத் தாக்குதல். உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறியைப் போடணும். ஈரத் துண்டால் போர்த்தி வைக்கக் கூடாது, சூடு உள்ளேயே நின்றுவிடும். வாயில் தண்ணீரைப் புகட்டவும் கூடாது. தண்ணீர் ஊற்றிச் சூட்டைக் குறைக்கத் தொடங்கிய பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். நாய் எழுந்து நடந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.