ஹென்லி தெரு வீடும் அதைக் காண வந்தோரும்

இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில், ஹென்லி தெருவில், மரச்சட்டங்களின் இடைவெளிகளைப் பின்னிய மிலாறுகளாலும் மண்பூச்சாலும் அடைத்துக் கட்டப்பெற்ற ஒரு பழைய வீடு, ஷேக்ஸ்பியர் பிறந்த இடமாக இன்று பேணப்படுகிறது. அவருடைய தந்தை ஜான், கையுறை செய்பவராகவும், மான், ஆடு முதலியவற்றின் தோலைப் படிகாரமும் உப்பும் இட்டு வெண்மையாகப் பதப்படுத்துபவராகவும் தொழில் நடத்தியவர். தெருவில் குப்பைமேடு வைத்ததற்காக 1552-இல் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டமே, அவர் இத்தெருவில் வாழ்ந்ததற்கு முதற்சான்றாக நிற்கிறது. ஷேக்ஸ்பியர் 1564 ஏப்ரல் 26-ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றதைத் தேவாலயப் பதிவேடு உறுதிப்படுத்துகிறது. ஆயினும் மாடியில் பார்வையாளருக்குக் காட்டப்படும் அந்தக் குறிப்பிட்ட அறையில்தான் அவர் பிறந்தார் என்பதற்கு மரபைத் தவிர வேறு ஆவணம் இல்லை.

உண்மையில், புகழும் பொருளும் ஈட்டிய ஷேக்ஸ்பியர் 1616-இல் இறந்தது, தாம் 1597-இல் வாங்கிய 'நியூ பிளேஸ்' என்னும் வேறொரு பெரிய மனையில்தான். அன்பர்கள் முதலில் தேடிச் சென்றதும் அம்மனையையும், அவர் கையால் நட்டதாகக் கருதப்பட்ட முசுக்கட்டை மரத்தையுமே ஆகும். மனையின் பிற்கால உரிமையாளரான பாதிரியார் பிரான்சிஸ் காஸ்ட்ரெல், வருவோர் தொல்லை பொறாமல் 1756-இல் மரத்தை வெட்டி வீழ்த்தினார்; வரி குறித்து ஊராரோடு பிணங்கி 1759-இல் கட்டடத்தையே இடித்துத் தள்ளினார். அது முன்னரே பெரும்பாலும் புதுப்பிக்கப்பட்டுவிட்ட கட்டடம் என்பதை அவர்மேல் சினங்கொண்டோர் நினைத்துப் பார்க்கவில்லை. அம்மரத்தின் கட்டைகளை வாங்கிய தாமஸ் ஷார்ப் என்னும் கடிகாரத் தொழிலாளி, அவற்றைப் பேழைகளாகவும் கிண்ணங்களாகவும் செதுக்கி விற்றார். ஒரே மரம் இத்தனை பொருள்களுக்கு இடம் தருமா என்ற ஐயம் பரவவே, 1799-இல் அவர் சத்தியப் பிரமாணம் எழுதித் தரவும் நேர்ந்தது. மனை அழிந்த பின்னர், காண வருவோருக்கு எஞ்சியது ஹென்லி தெரு வீடு ஒன்றே. அதன் பெருமை பெருமளவு காஸ்ட்ரெலின் சினத்திலிருந்து பிறந்தது எனலாம்.

அவ்வீடு அப்போது நினைவகமாக இருக்கவில்லை. ஒரு பகுதி 'மெய்டன்ஹெட்' என்னும் விடுதியாக நடந்துவந்தது. மற்றொரு பகுதியில் ஷேக்ஸ்பியரின் தங்கை ஜோனின் வழிவந்த ஹார்ட் குடும்பத்தார் வாழ்ந்தனர், பின்னர் அங்கே இறைச்சிக்கடையும் இருந்தது. 1769-இல் நடிகர் டேவிட் காரிக் ஷேக்ஸ்பியர் நினைவாக நடத்திய விழாவுக்குப் பிறகு வருகை பெருகவே, ஷேக்ஸ்பியர் அமர்ந்த நாற்காலி என்று ஒன்றைக் காட்டி, அதிலிருந்து சிறு சில்லை வெட்டிச் செல்லும் வழக்கமும் வேரூன்றியது. 1786-இல் அங்கே சென்ற ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்சனும், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களான இருவரும், அவ்வழக்கத்திற்கு விலக்காகவில்லை. நாற்காலியை 1790-இல் போலந்து இளவரசி இசபெல்லா சர்டோரிஸ்கா விலைகொடுத்து வாங்கிச் சென்றார். இருந்தும் 1815-இல் அங்கே வந்த அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கிற்கு அடுப்பங்கரையில் ஒரு நாற்காலி காட்டப்பட்டது. அன்று வீட்டில் வாடகைக்கிருந்து பொருள்களைக் காட்டிய மேரி ஹார்ன்பி, 1820-இல் வெளியேற்றப்பட்டபோது, வருகையாளர் சுவர்களில் எழுதியிருந்த கையெழுத்துகளின்மேல் வெள்ளையடித்துவிட்டுத் தம் காட்சிப்பொருள்களுடன் வேறு வீட்டிற்குப் போனார். பக்தியையும் பிழைப்பையும் பிரித்தறிய முடியாத இத்தொழிலைப் போலி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை; வீடு இடிபடாமல் நின்றது இதனால்தான்.

1806-இல் ஹார்ட் குடும்பத்தாரிடமிருந்து கைமாறிய வீடு, 1847 செப்டம்பர் 16-இல் லண்டனில் ஏலத்திற்கு வந்தது. அமெரிக்கக் கேளிக்கைக் காட்சி நடத்துநர் பார்னம் அதனைப் பெயர்த்துத் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்லத் திட்டமிட்டதாகப் பின்னர் எழுதினார். வீட்டைக் காக்க லண்டனிலும் ஸ்ட்ராட்ஃபோர்டிலும் அமைந்த குழுக்கள் சேர்ந்து 3,000 பவுனுக்கு அதனை வாங்கின. அடுத்த ஆண்டு சார்லஸ் டிக்கன்ஸ் நாடகங்கள் நடத்தி, காப்பாளர் பதவிக்கு நிதி திரட்டினார்.

வாங்கியோர் வீட்டை இருந்தபடி விடவில்லை. தீ அண்டாதிருக்க 1857-இல் அண்டை வீடுகள் இடிக்கப்பட்டன. விடுதியின் செங்கல் முகப்பு அகற்றப்பட்டு, 1769-இல் வெளியான ஒரு சித்திரத்தைப் பின்பற்றி மரச்சட்ட முகப்பு எழுப்பப்பட்டது. இவ்வாறு விடுதியும் இறைச்சிக்கடையும் மறைந்து, வரிசையாக நின்ற தெருவீடு தோட்டம் சூழ்ந்த தனிவீடாக மாறியது. இன்று காணப்படுவது பதினாறாம் நூற்றாண்டின் வீடு என்பதைவிட, பத்தொன்பதாம் நூற்றாண்டினர் அதனைக் கற்பனை செய்த விதம் என்பதே பொருந்தும். 1891-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி அறக்கட்டளை நிறுவப்பட்டது. சுவரில் எழுதுவதும் சில்லு வெட்டுவதும் இன்று இல்லை. வால்டர் ஸ்காட், தாமஸ் கார்லைல் முதலியோர் பெயர் கீறிய சன்னல் கண்ணாடி மட்டும் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டுள்ளது. கீழ்த்தளத்தில் ஜானின் கையுறைப் பட்டறையும் மீளமைத்துக் காட்டப்படுகிறது.