மீனும் நிழற்படமும்: ஒரு சான்றின் வரலாறு



பள்ளி விடுமுறை முடிந்து வந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், தன் தந்தை பிடித்த கெலா மீனின் நிழற்படத்தை வகுப்பில் காட்டினான். மீன் மணலில் கிடந்தது. அளவு தெரிய அருகே ஒரு செருப்பு. "அப்பா தனியாகத்தான் போனார் சார். படம் எடுத்ததும் ஆற்றிலேயே விட்டுவிட்டார்" என்றான். "அது பிழைத்திருக்குமா சார்?" என்று கேட்டாள் பின்வரிசை மாணவி ஒருத்தி. அன்று என்னால் விடை கூற இயலவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

தூண்டில்காரனின் சொல்லை ஊர் எளிதில் நம்புவதில்லை. ஆகவே அவனுக்கு எக்காலத்திலும் ஒரு சான்று தேவைப்பட்டது. சப்பானில் பிடித்த மீனின்மீது மையைத் தடவித் தாளில் ஒற்றியெடுத்தனர். 'கியோதாக்கு' எனப்படும் இவ்வொற்றுகளுள் இன்றுள்ள மிகப் பழையது 1839ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தாகேரின் நிழற்பட முறை பாரிசில் அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்பது வியப்பான பொருத்தம்.

நிழற்படம் வந்ததும் மீன் தப்பிவிடவில்லை. அமெரிக்காவின் கீ வெஸ்ட் துறைமுகத்தில், பிடித்த மீன்களை வரிசையாகத் தொங்கவிட்டு அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். 1956 முதல் 2007 வரையிலான அத்தகைய படங்களை லோரன் மெக்கிளனகன் என்னும் ஆய்வாளர் அளந்து பார்த்தார். மீனின் சராசரி எடை ஏறத்தாழ 20 கிலோவிலிருந்து 2.3 கிலோவாகக் குறைந்திருந்தது. படத்தில் இருப்போரின் புன்னகை மட்டும் குறையவில்லை!

பிடித்த மீனை அடுத்தவருக்காக விட்டுவைக்க வேண்டும் என்று லீ உல்ஃப் 1939இலேயே தம் நூலில் வாதிட்டார். 1952இல் மிச்சிகன் மாநிலம் இதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் செத்த மீனின் இடத்தை நிழற்படம் பிடித்துக்கொண்டது. சிக்கல் தீர்ந்தது என்றே பலரும் எண்ணினர்.

1992இல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்னும் இருவர் வானவில் டிரவுட் மீன்களைக் களைக்கும்வரை தொட்டியில் துரத்தினர். நீரிலேயே விடப்பட்டவற்றுள் 88 விழுக்காடு பிழைத்தன. 30 வினாடி காற்றில் வைக்கப்பட்டவற்றுள் 62 விழுக்காடும், 60 வினாடி வைக்கப்பட்டவற்றுள் 28 விழுக்காடுமே பிழைத்தன. ஆற்றிலும் பிற மீன்களிடத்தும் இவ்வெண்கள் மாறலாம். ஆயினும் காரணம் ஒன்றே. நீருக்கு வெளியே செவுளின் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. களைத்த மீனுக்கு உயிர்வளி தேவைப்படும் அந்த நேரத்திலேயே அது கிடைக்காமற் போகிறது. நீந்திச் சென்ற மீன் சில மணி நேரம் கழித்து இறப்பதை நாம் காண்பதில்லை.

தனியாகச் செல்பவருக்கே இடர் மிகுதி. மீனைப் பிடிக்க ஒரு கை, முள்ளைக் கழற்ற ஒரு கை. படக்கருவிக்குக் கை ஏது? எனவே தூண்டில் வீசுமுன்பே கருவியை முக்காலியில் பொருத்தி, தானியங்கி நேரத்தை அமைத்துவிட வேண்டும். மீன் வலைக்குள் நீரிலேயே இருக்கட்டும். முள்ளையும் நீருக்குள்ளேயே கழற்றலாம்; கொக்கியில் எதிர்முள் இல்லாவிடில் அது எளிது. கையை நனைத்துக்கொள்ளாமல் தொட்டால் உடலைக் காக்கும் வழவழப்பு உரிந்துவிடும். படம் விழும் கணத்தில் மட்டும், நீர் சொட்டச் சொட்ட, மேற்பரப்பை ஒட்டி இரு கைகளாலும் தாங்கித் தூக்கினால் போதும். நானாக இருந்தால் தூக்கவே மாட்டேன்; வலைக்குள் நீரில் கிடக்கும் மீனும் நல்ல படமே.

அடுத்த வாரம் அம்மாணவனின் தந்தை பள்ளிக்கு வந்திருந்தார். அந்தப் படத்தை எடுக்க எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டேன். சற்றே யோசித்தார்.

"கைப்பேசி பைக்குள்ளே இருந்தது சார். அதைத் தேடி எடுக்கவே இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்."