தொண்டையில் விளங்கிய ஆட்டம்: உமர் குறைஷி

எங்கட வாப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனாலும் றேடியோவில் கிரிக்கெட் வர்ணனை போனால் கடையைப் பாதி சாத்திவிட்டுப் பக்கத்தில் குந்திவிடுவார். "விளங்குதா வாப்பா?" என்று கேட்டால், "சொல்றவன்ட தொண்டையிலயே விளங்குது மகன்" என்பார். பாகிஸ்தான் வர்ணனையாளர் உமர் குறைஷியைப் பற்றி வாசித்தபோது இந்தப் பேச்சுத்தான் ஞாபகம் வந்தது.

1928இல் மரீயில் பிறந்த குறைஷி, பம்பாய்ப் பள்ளிக்கூடத்திலும் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் சுல்பிகார் அலி பூட்டோவின் தோழர். 1955 ஜனவரியில் இந்திய அணி முதன்முறையாகப் பாகிஸ்தானில் டெஸ்ட் ஆடப் போனது. ஐந்து டெஸ்ட், ஐந்தும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. பார்க்கப்போனவர்கள் கொட்டாவி விட்டிருப்பார்கள். ஆனால் அந்தத் தொடரில் குறைஷியும் பார்சி இனத்தவரான ஜம்ஷீத் மார்க்கரும் சேர்ந்து செய்த வானொலி வர்ணனை, மைதானத்தையே காணாத ஊர்களுக்கெல்லாம் கிரிக்கெட்டைக் கொண்டுபோனது. அதுவும் ஆங்கிலத்தில்! தமிழ் படிப்பிக்கிற எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. முனீர் ஹுசைன் வந்து உருது வர்ணனைக்கு வழி திறக்கப் பல வருடங்கள் பிடித்தன.

ஒரே கூண்டிலிருந்து பேசிய இருவரும் பிறகு அரசாங்கத்துக்காகப் பேசப் போனார்கள். மார்க்கர் 1965இல் கானாவுக்குத் தூதுவராகி, கடைசியில் ஐ.நா. வரை சென்றார். பத்திரிகையிலும் எழுதிவந்த குறைஷி, அரச விமான நிறுவனமான பி.ஐ.ஏ.யின் மக்கள் தொடர்புப் பொறுப்பை ஏற்றார். கேள்வி கேட்டவர் பதில் சொல்லும் கதிரைக்கு மாறினார். அரச சம்பளம் வாங்கினால் பேனா மழுங்கிவிடும் என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன்.

1974இல் இங்கிலாந்து போன பாகிஸ்தான் அணிக்கு அவர்தான் முகாமையாளர். பூட்டோ அப்போது பிரதமர். லோர்ட்ஸ் டெஸ்டில் ஆடுகளத்தை மூடிய விரிப்புக்குக் கீழே மழைத் தண்ணீர் கசிந்தது. 3 விக்கெட்டுக்கு 192 என்றிருந்த பாகிஸ்தான் 226க்குச் சுருண்டது. அண்டர்வுட் அந்த இன்னிங்ஸில் 51 ஓட்டங்களுக்கு 8 விக்கெட். விருந்தாளியாகப் போன இடம், அதுவும் லோர்ட்ஸ். மக்கள் தொடர்புக்காரர் என்றால் சிரித்து மழுப்பியிருக்கலாம். குறைஷியோ, களத்தைச் சரியாக மூடாதது அலட்சியமும் திறமையின்மையும் என்று எம்.சி.சி.க்கு எழுத்திலேயே கொடுத்தார். கண்டதைக் கண்டபடி சொல்லும் வர்ணனைப் பழக்கம் அந்தக் கடிதத்திலும் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. கடைசி நாள் மழை ஆட்டத்தை முழுதாகக் கொண்டுபோனது. அந்தச் சுற்றுப்பயணத்தில் பாகிஸ்தான் ஒரு டெஸ்டிலும் தோற்கவில்லை.

பின்னாளில் 'டோன்' பத்திரிகையில் பத்தி எழுதினார், நினைவு நூல்களும் எழுதினார். 2005 மார்ச் 14இல் காலமானார். அப்போது பாகிஸ்தான் அணி இந்தியாவில் ஆடிக்கொண்டிருந்தது. மொஹாலி டெஸ்ட் முடிந்து இரண்டே நாள். அதுவும் வெற்றி தோல்வியின்றித்தான் முடிந்திருந்தது.