தேமாங்காயும் ஈருறுப்புத் தேற்றமும்

நேர், நிரை என அசைகள் இரண்டே. அவற்றை மூன்று இடங்களில் நிறுத்தினால் காய் நான்கும் கனி நான்குமாக எட்டுச் சீர்கள் கிடைக்கும் என்பதை யாப்புப் பயின்ற எவரும் அறிவர். அந்த எட்டையும் ஈற்றசை கொண்டு பகுக்காமல், நிரை எத்தனை என்று எண்ணிப் பகுத்துப் பாருங்கள். நிரையே இல்லாதது தேமாங்காய் ஒன்று. ஒரு நிரை பெற்றவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி. இரண்டு பெற்றவை கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி. மூன்றும் நிரையானது கருவிளங்கனி. (தேமா இனிக்கும் மா, புளிமா புளிக்கும் மா, சூரமங்கலத்தில், மாம்பழத்துக்குப் பெயர்போன சேலத்தில், இதை மாணவர்க்கு விளக்க வேண்டியதே இல்லை.)

1, 3, 3, 1. (அ + ஆ) என்பதன் மும்மடியை விரித்தால் வரும் கெழுக்களும் இவையே. மூன்று அடைப்புகளிலும் அ, ஆ இரண்டில் ஒன்றை எடுத்துப் பெருக்குவதும், மூன்று இடங்களில் நேரோ நிரையோ வைப்பதும் ஒரே செயல்தான். ஆ வரும் இடங்களை எத்தனை வழியில் தேரலாம் என்னும் எண்ணே கெழு. நாலசைச் சீர் பதினாறும் இவ்வாறே 1, 4, 6, 4, 1 எனப் பிரியும்.

இக்கேள்வியை வெளிப்படையாகக் கேட்டது வடமொழி யாப்பு. குரு, இலகு என்னும் இரண்டையும் கொண்டு அடி வகுத்த பிங்கலரின் நூலுக்கு 10ஆம் நூற்றாண்டில் உரை செய்த ஹலாயுதர், 'மேருப் பிரஸ்தாரம்' என்ற எண் முக்கோணத்தை விளக்குகிறார். ஓரக் கட்டங்களில் 1. இடைக்கட்டத்தில் மேலுள்ள இரண்டின் கூட்டுத்தொகை. பாஸ்கலின் முக்கோண நூல் அச்சேறியது 1665இல்.

முக்கோணம் கட்டாமலேயே கெழுவை அடையும் வழியை, கி.பி. 850 அளவில் கணிதசாரசங்கிரகம் இயற்றிய சமணர் மகாவீரர் தந்தார். அறுசுவையில் மூன்றைச் சேர்க்கும் வழிகள் எத்தனை? ஆறு, ஐந்து, நான்கு இவற்றின் பெருக்கத்தை ஒன்று, இரண்டு, மூன்றின் பெருக்கத்தால் வகுக்க, 20.

தமிழ் இலக்கணிகள் எண்ணாதவர் அல்லர். தொல்காப்பியச் செய்யுளியல் அடியின் விரியை 625 என்கிறது. ஆயினும் பாஸ்கலின் முக்கோணம் அங்கேயே இருக்கிறது என்று மேடையில் முழங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. நம்மவர்க்கு வேண்டியிருந்தது வேறு. சீரின் இறுதியில் நிற்கும் அசையும் அடுத்த சீரின் முதலசையும் கூடியே தளை பிறக்கிறது. அதனால்தான் காய், கனி என்ற பகுப்பு. கணிதம் ஒரே கட்டத்தில் வைக்கும் புளிமாங்காய்க்கு வெண்பாவில் இடமுண்டு. தேமாங்கனிக்கு அறவே இல்லை.